டெல்மர் ஹக்கபி பூட்டிய விலை

எரிவாயு விலை ஏறியதால் ஓட்டாண்டியானவர் டெல்மர் ஹக்கபி. விலை விழுந்து ஓட்டாண்டியானவர்களை எங்கள் மேற்கு ஓக்லஹோமாவில் வரிசையாக நிற்கவைத்தால் வால் கன்சாஸ் எல்லையைத் தாண்டிப் போகும். ஏறிக் கெட்டவர், எனக்குத் தெரிந்து, இவர் ஒருவர்தான்.

ஒன்பதாம் வகுப்பில் அவருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். பின்னத்தில் கெட்டிக்காரன், பேச்சில் கூச்சம். பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றபின் வாரத்தில் இரண்டு நாள் அவர் அலுவலகத்தில் தபாலும் தட்டச்சும் பார்த்தேன். அலுவலகம் என்றால் ஒரு தகரக் கொட்டகை, ஒரு ஹீட்டர், எந்நேரமும் தீய்ந்த காப்பி. அவருக்குப் பதினோரு எரிவாயுக் கிணறுகள், மூன்று ஆட்கள். ஒரு கிணறும் அப்பன் வீட்டுச் சொத்தல்ல. பெரிய கம்பெனிகள் கிழடு என்று கழித்துக்கட்டியதை முப்பது வருடமாக ஒவ்வொன்றாக வாங்கி உயிர் கொடுத்தார். கிணற்று வாயில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "அஞ்சாம் நம்பருக்கு இன்னைக்கு மூக்கடைப்பு" என்பார். சரியாகத்தான் இருக்கும்.

இரண்டாயிரத்து இருபதில் விலை பாதாளத்துக்குப் போனபோது ஆட்களை நிறுத்தவேண்டி வந்தது. கிணறுகளைச் சுற்றிப் பார்க்கும் கஸ் ட்ரெட்வே இருபது வருடம் அவரிடம் இருந்தவர். நான்கு மாதம் ஆர்கன்சாவில் ஒரு கோழி ஆலையில் கோழி வெட்டப் போனார். கஸ்ஸிடம் செய்தியைச் சொல்லிவிட்டு டெல்மர் தன் டிரக்கில் ஏறி, வண்டியைக் கிளப்பாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்ததை ஜன்னல் வழியே பார்த்தேன். இலையுதிர் காலத்தில் மூவரையும் திரும்ப அழைத்துக்கொண்டார்.

"இனிமே ஒருத்தரையும் அனுப்ப மாட்டேன் டீச்சர். விலை எந்தக் குழியில விழுந்தாலும் சரி."

அக்டோபரில் டல்சாவிலிருந்து ஒரு தரகர் அதற்கு வழி சொன்னார். எரிவாயுவை எப்போதும்போல் சந்தையில் விற்றுக்கொள்ளலாம். ஆனால் குளிர்காலம் முழுக்க, தினம் மூவாயிரம் அலகுக்கு, அலகு இரண்டு டாலர் அறுபது சென்ட் என்று விலையைப் பூட்டிவிடுவார்கள். சந்தை அதற்குக் கீழே போனால் குறைவதை ஒப்பந்தம் போடும் அந்தப் பக்கம் தரும். மேலே போனால் கூடுவதை டெல்மர் தரவேண்டும். கிணறு ஓடினால் அதில் கஷ்டமில்லை; சந்தையில் கூடுதலாக வருவதை அப்படியே அந்தப் பக்கம் தள்ளிவிடலாம். ஆனால் ஒப்பந்தக் காகிதம் முழுக்கத் தேடியும் கிணறு என்ற சொல்லை நான் காணவில்லை. ஓடினாலும் ஓடாவிட்டாலும் மூவாயிரம் மூவாயிரம்தான்.

"மூவாயிரமுமா?" என்றேன். "பதினொண்ணும் சேந்து நல்ல நாள்லயே அவ்வளவுதானே வருது? ரெண்டாயிரத்தோட நிறுத்திக்கப்பா."

"மிச்ச ஆயிரத்துக்கு விலை விழுந்தா கஸ்ஸோட சம்பளத்தை நீங்க குடுப்பீங்களா?"

"எண்பத்து மூணு டிசம்பர்ல பதினோரு நாள் இந்த வட்டாரத்துல ஒரு கிணறும் மூச்சு விடல. குழாய்க்குள்ள தண்ணி கல்லாயிடுச்சு. என் வீட்டுக்காரரோட போய் என் கண்ணால பாத்தேன்."

டெல்மர் கஸ்ஸைப் பார்த்துக் கண்ணடித்தார். "அதே குளிர்லதானே டீச்சர், கோர்ட் வாசல்ல கொடிக்கம்பத்தோட நிழல் தரையில ஒட்டிக்கிச்சு? நாலு பேர் கடப்பாரை போட்டு நெம்பினாங்கன்னு வகுப்புல சொன்னீங்களே?"

"நெம்பி எடுத்த நிழலை எங்க வச்சாங்க?" என்றார் கஸ்.

"நூலகத்துல. இன்னும் யாரும் வந்து கேக்கல" என்றேன்.

என் வாய் அப்படி. மூவரும் சிரித்தோம். சிரிப்பு அடங்குவதற்குள் கையெழுத்து விழுந்துவிட்டது. நாற்பது வருடமாகப் புளுகியவள், ஒரு நாள் உண்மையைச் சொன்னேன்; அதையும் நானே பகடியில் முக்கிக் கொன்றேன்.

பிப்ரவரியில் குளிர் வந்தது. முதல் நாளே நாலு கிணறு அடைத்துக்கொண்டது, மறுநாள் இன்னும் ஐந்து. டெல்மரும் கஸ்ஸும் மற்ற இரண்டு பேரும் குழாய்களில் சாக்கைச் சுற்றினார்கள், வெந்நீர் ஊற்றினார்கள். ஊற்றிய வெந்நீர் மேலேயே பனிக்கட்டியாகித் தாடிபோல் தொங்கியது. மூன்றாம் நம்பரும் எட்டாம் நம்பரும் மட்டும் இழுத்துக்கொண்டிருந்தன. ஊரெங்கும் அடுப்புக்கும் மின்சாரத்துக்கும் எரிவாயு இல்லாமல், மூன்று டாலர் சரக்கு ஒரு நாள் நூறானது, அடுத்த நாலு நாளும் முந்நூறு, புதன்கிழமை ஆயிரம். இதில் என் கைச்சரக்கு எதுவும் கிடையாது.

அந்தப் புதன் காலையில் லூர்லீன் காப்பிக் கடைக்குள் டெல்மர் நுழைந்தார். கையுறை கையோடு ஒட்டிப்போயிருந்தது. நான் மூலையில் உட்கார்ந்திருந்தேன்.

"வாங்க மகராசா!" என்று கத்தினாள் லூர்லீன். "ரேடியோல சொல்றான், கேஸ் ஆயிரம் டாலராமே! இன்னைக்கு எல்லார் காப்பியும் உங்க தலையிலதான்!"

டாமினோ மேசையிலிருந்து கிழவர் ஹோமர் பிட்டில், "அவனா? பர்ஸைக் கிணத்துக்குள்ள போட்டு மூடி வச்சிருப்பான்!" என்றார்.

கடை அதிர்ந்தது. டெல்மர் பல்லால் கையுறையை இழுத்துக் கழற்றி, பர்ஸை எடுத்து, பதினான்கு பேர் காப்பிக்கு எண்ணி வைத்தார்.

"இனிப்பும் சாப்பிடுங்க. பெகான் பருப்புப் பை நல்லா இருக்கும்" என்றார்.

கைதட்டினார்கள். நான் என் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே டிரக்கில் அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். "பசங்க மூணு பேருக்கும் இந்த மாசச் சம்பளத்தை இப்பவே அனுப்பிடுங்க டீச்சர்" என்றார். "நாளைக்கு பேங்க்ல கைவைக்க விடமாட்டாங்க."

"அனுப்பிடறேன்."

கொஞ்ச நேரம் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டினார். "எண்பத்து மூணு நிஜமா?"

"நிஜம்."

"பதினோரு நாளுமா?"

"பதினோரு நாளும்பா."

தலையாட்டினார். என்னைத் திட்டியிருக்கலாம். வகுப்பில் விடை தப்பாகிவிட்டால் நோட்டையே பார்த்துக்கொண்டிருப்பாரே, அப்படி இருந்தார்.

ஓடாத கிணறுகளுக்காக அவர் தரவேண்டியிருந்தது ஐம்பத்தேழு லட்சம் டாலர். பதினொன்றும் போயின, தகரக் கொட்டகையும் போயிற்று. வாங்கியவர்கள் வெளியூர்க்காரர்கள். கிணறுகளின் குணம் தெரிந்த ஆள் வேண்டுமென்று கஸ்ஸை மேஸ்திரியாக வைத்துக்கொண்டார்கள். மற்ற இரண்டு பேரையும் அனுப்பிவிட்டார்கள். கஸ் தனக்குக் கீழே வேலைக்குக் கேட்ட முதல் ஆள் டெல்மர்தான். இப்போது டெல்மர் மணிக்கு இருபத்திரண்டு டாலர் கூலிக்குத் தன் பழைய கிணறுகளைச் சுற்றிவந்து, எந்தக் கிணற்றுக்கு மூக்கடைப்பு என்று கஸ்ஸிடம் எழுதிக்கொடுக்கிறார்.

போன வாரம் லூர்லீன் கடையில் புதிதாய் வந்த டிரக் ஓட்டிகள் என்னைக் கிளறினார்கள். வழக்கம்போல் கொடிக்கம்பத்து நிழல் கதையை எடுத்துவிட்டேன். ஒருவன் சிரித்து, "சும்மா கதை விடாதீங்க பாட்டி!" என்றான்.

பக்கத்து மேசையில் சூப் குடித்துக்கொண்டிருந்த டெல்மர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"நிஜம் தம்பி" என்றார். "நெம்பின நாலு பேர்ல எங்கப்பாவும் ஒருத்தர்."

அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. நிழலை எங்கே வைத்தார்கள் என்று அந்தப் பையன் கேட்டான். நான் பர்ஸை எடுத்து டெல்மரின் சூப்புக்கும் சேர்த்துக் காசை எண்ணி வைத்தேன்.