அவனுடைய அக்கா கேட்ட பாட்டு

நானே எழுதிப் பாடிய முதல் ஆல்பம் இணையத்தில் வெளியான அன்றும், கண்டியில் நான் வேலை செய்த துணிக்கடைக்குப் போனேன். நிச்சயம் முடிந்தபின் என்னை வேண்டாம் என்றவனைப் பற்றியும், அதற்குப் பிறகு நான் எழுந்து நின்றதைப் பற்றியும்தான் பாட்டுகள். அவனுடைய அக்காவும் அதே கடையில் வேலை செய்தார். தேநீர் நேரத்தில் அவர் இயர்போனை மாட்டி என் ஆல்பத்தைக் கேட்டார். மடித்த சேலையையே திரும்பத் திரும்ப மடித்தேன்.

"இது என் தம்பியப் பத்தித்தானே?" என்று கேட்டார்.

"ஆமாக்கா."

"அம்மா கேட்டா கத்துவாங்க. அவனும் ஒனக்குப் போன் பண்ணுவான். அழிக்கச் சொன்னா அழிச்சிறாத."

மாலையில் வீட்டுக்குத் திரும்பும் தெல்தோட்டை பஸ்ஸில் இருந்தபோது அவன் அழைத்தான். எடுத்தேன். அவன் வாய் திறக்குமுன்பே, "அழிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன்.