சைரனுக்குத் திரும்பாத பிள்ளை

எழுபதுகளின் கடைசியில் ஜமுனாமரத்தூருக்குப் போகும் மலைப்பாதையை அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். ரோடு காண்ட்ராக்டரிடம் என் கணவருக்கு சூப்பர்வைசர் வேலை. வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே தகரக் கொட்டகைகளில் நாலைந்து குடும்பங்கள் இருந்தோம்.

பாறைக்கு வெடி வைப்பதற்கு முன்னால் வாட்ச்மேன் கையால் சுற்றுகிற சைரனைச் சுற்றுவார். மலை முழுக்கக் கேட்கும். ஆடு, கோழி எல்லாம் சிதறி ஓடும். தொட்டிலில் கிடக்கும் குழந்தைகள் வீறிட்டு அழும். என் பையன் மட்டும் அசையாமல் தூங்குவான். கொடுத்து வைத்தவள் என்று மற்ற பெண்கள் பொறாமைப்படுவார்கள். எனக்கும் தலைகால் புரியாத பெருமை. இரண்டு வயதாகியும் அவன் பேசவில்லை. ஆண் பிள்ளைக்குப் பேச்சு மெதுவாகத்தான் வரும் என்று ஆளாளுக்குச் சொன்னதை நம்பிக்கொண்டேன்.

ஒரு நாள் உலையில் அரிசி போடும்போது சைரன் ஊதியது. வழக்கமாகக் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். அன்று நிற்கவே இல்லை. வெளியே வந்து பார்த்தேன். விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் ஓடி வந்துவிட்டார்கள். என் பையன் மட்டும் ஓர் ஆட்டுக்குட்டியின் பின்னால், வெடி வைத்த பாறையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான். திரிக்குத் தீ வைத்தாகிவிட்டது. அவனைத் திருப்பத்தான் வாட்ச்மேன் பைத்தியம் பிடித்தவர் மாதிரி சுற்றிக்கொண்டிருந்தார். மலையே அலறியது. அவன் தலையைக்கூடத் திருப்பவில்லை.

ஓடினேன். புடவை தடுக்கி விழுந்தேன். அந்தப் பக்கம் விறகுக்கட்டோடு வந்த மலைக்கிராமத்துப் பெண் ஒருத்தி, கட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய் அவனை வாரி எடுத்து, ஒரு பெரிய கல்லுக்குப் பின்னால் படுத்துக்கொண்டாள். பாறை வெடித்தது.

புகை அடங்கி நான் போய்ப் பார்த்தபோது அவள் தோளில் கல் தெறித்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. பிள்ளைக்கு ஒரு கீறல் இல்லை. இத்தனை சத்தத்துக்கும் திரும்பாத திமிரா என்று அவனை அடிக்கக் கை ஓங்கினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அடிக்காதீங்கம்மா. பின்னாலயே கத்திக்கினு ஓடியாந்தேன். இன்னா கத்தியும் திரும்பல. புள்ளைக்குக் காது கேக்கலம்மா.”

அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது. தரையிலேயே உட்கார்ந்து வாய்விட்டுக் கதறினேன். அவன் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பிறவியிலேயே அப்படித்தான், செய்வதற்கு ஒன்றுமில்லை என்று வேலூரில் டாக்டர் கைவிரித்துவிட்டார். இரண்டு வருஷம் அவனுக்குப் பாடிய தாலாட்டை எல்லாம் நினைத்து நினைத்து அழுதேன்.

இப்போது அவனுக்கே தலை நரைத்துவிட்டது. வேலைக்குப் போகிறான், வருகிறான். ஆனாலும் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டு ஊரெல்லாம் ஒதுங்கி வழிவிடுகிறபோது, என் பிள்ளை இந்நேரம் எந்தத் தெருவில், எதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடக்கிறானோ என்று அவன் வரும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.