கிளிப் போடாத தமனி

அம்பத்தூரில் நான் அறுவை சிகிச்சைக்குப் போய்வருகிற சிறிய மருத்துவமனையில் ஒரு வழக்கம் உண்டு. வயிற்றில் துளை போட்டுக் கேமராவை விட்டதும், உள்ளே நடப்பதை வெளியே காத்திருக்கும் உறவினர்களும் டிவியில் பார்க்கலாம். அதனால் ஜனங்களுக்கு நம்பிக்கை வருமாம், முதலாளி சொல்வார். சமைக்கும்போது பின்னால் யாராவது நின்றாலே எரிந்து விழுகிறவள் நான். எனக்கு இது அறவே பிடிக்காது.

அன்று காலை மேனாம்பேட்டிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்குப் பித்தப்பையை எடுக்க வேண்டியிருந்தது. உள்ளே கல் சேர்ந்து, சாப்பிட்டாலே வலியில் சுருண்டுவிடுகிறாள். அவள் கணவர் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர்.

"நல்லபடியா பாத்துக்கோங்க டாக்டரம்மா. நான் வெளிய டிவில பாத்துகினே கீறேன்" என்றார்.

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் மிரட்டல் மாதிரி கேட்டது.

பித்தப்பைக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியைக் கிளிப் போட்டு அடைத்துவிட்டுத்தான் வெட்ட வேண்டும். பெரும்பாலும் அது சேமியா கனத்தில் இருக்கும். இவளுக்கு, அது இருக்க வேண்டிய இடத்தில் பேனா ரீபிள் கனத்தில் ஒன்று துடித்துக்கொண்டிருந்தது.

"இதான் மேடம். போட்டுடலாம்" என்றார் உதவிக்கு நின்ற டாக்டர். அடுத்த கேஸ் காத்திருந்தது.

கிளிப் கருவியை உள்ளே விட்டு அதன் வாயை அந்தத் தமனியைச் சுற்றித் திறந்தேன். இனி அழுத்த வேண்டியதுதான். அந்தத் துடிப்பு என்னை அழுத்த விடவில்லை. இத்தனை சிறிய பைக்கு இவ்வளவு ரத்தம் எதற்கு?

சிலருக்குக் கல்லீரலின் வலப்பக்கத்துக்குப் போகும் தமனி நேராகப் போகாமல், பித்தப்பை வரை வளைந்து வந்து திரும்பிப் போகும். எல்லோரும் படித்ததுதான். படித்தது கையில் வந்து துடிக்கும்போது அது பாடமாகத் தெரிவதில்லை. இது அந்தத் தமனியாக இருந்து நான் அடைத்துவிட்டால், அவள் கல்லீரலில் பாதி செத்துப்போகலாம்.

கருவியை வெளியே எடுத்தேன்.

"மேடம், நேரம் ஆகுது."

"ஆகட்டும்."

அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. பித்தப்பையை ஒட்டியே கொஞ்சம் கொஞ்சமாகச் சவ்வை விலக்கினேன். ஓரிடத்தில் ரத்தம் கசிந்து படத்தை மறைத்தது. துடைத்துவிட்டுக் காத்திருந்தேன். பயந்துதான் போயிருந்தேன். கடைசியில் தெரிந்தது. அந்தத் தமனி பித்தப்பையைத் தொடுகிற மாதிரி வந்து, வளைந்து, கல்லீரலுக்குள்ளேயே திரும்பிப் போயிருந்தது. வளைவின் முதுகிலிருந்து குட்டையாக ஒரு கிளை மட்டும் பித்தப்பைக்கு வந்தது. அந்தக் கிளைக்குக் கிளிப் போட்டேன். மற்றதெல்லாம் சுலபமாக முடிந்தது.

சந்தோஷமாகத்தான் வெளியே வந்தேன். அவள் கணவர் தரையில் உட்கார்ந்திருந்தார். கள்ளிக்குப்பத்திலிருந்து அவள் அண்ணன் குடும்பம் அழுதுகொண்டே படியேறி வந்துகொண்டிருந்தது. டிவி இருண்டு கிடந்தது.

"பொட்டி அணைஞ்சிபூடுச்சி" என்றார் அவர். "எல்லாருக்கும் போன் பண்ட்டேன். அவ போய்ட்டாளா? நேரா சொல்லிடுங்கம்மா."

என்னோடு வெளியே வந்த நர்ஸைப் பார்த்தேன்.

"நீங்க பேச்சை நிறுத்திட்டா ஏதோ சிக்கல்னு அர்த்தம் மேடம். அப்ப டிவியை அணைச்சிடணும்னு இங்க சொல்லி வெச்சிருக்காங்க."

வந்த கோபத்தில் எனக்குத் தமிழே மறந்துவிட்டது. நன்றாக இருக்கிறாள், ஒன்றும் ஆகவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். ஒரு வார்த்தையும் நம்பவில்லை. கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனேன்.

அவள் மயக்கம் பாதி தெளிந்து படுத்திருந்தாள். அவர் அவள் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்ததும் அங்கேயே விம்மி அழ ஆரம்பித்தார்.

அவள் கண்ணைத் திறந்தாள். "இன்னாத்துக்குய்யா அழுவுற?" என்றாள் குழறலாக. "கல்லுதானே எடுத்தாங்கோ?"