பக்கத்து நிரையில் நின்றவள்

முதலில் வந்தது தாகம்தான். அறுபதுகளின் தொடக்கம். திம்புள்ளப் பக்கத்துத் தேயிலை மலையொன்றில், பனி விலகாத காலையிலும் நாக்கு வறண்டு ஒட்டியது. கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு, ஊற்றிலிருந்து வழியும் பீலித் தண்ணீரை அள்ளி அள்ளிக் குடித்தேன். உடனே ஒதுங்க இடம் தேடினேன். எனக்குத் தெரிந்துவிட்டது. என் அக்கா மாரியாயிக்கும் இப்படித்தான் தொடங்கியது.

டவுன் ஆஸ்பத்திரியில் என் சிறுநீரை நீல மருந்தோடு சேர்த்துக் காய்ச்சினார்கள். அது செங்கல் நிறமானது. நீரிழிவு (இரத்தத்தில் சீனி கூடி, சிறுநீரிலும் இறங்கும் நோய்) என்றார் டாக்டர். மாத்திரை கொடுத்தார். சோற்றையும் ரொட்டியையும் குறைத்து, கீரையும் பருப்பும் கூடுதலாகச் சாப்பிடச் சொன்னார். சீனியைத் தொடக் கூடாது.

அக்காவுக்கும் இதைத்தான் சொல்லியிருந்தார்கள். அவள் பயந்துபோய்ப் பகலெல்லாம் வெறும் வயிற்றோடு கொழுந்தெடுப்பாள். அந்தியில் பசி தாங்காமல் சட்டிச் சோறு முழுவதையும் தின்றுவிடுவாள். காலில் வந்த புண் ஆறவே இல்லை. எனக்கு நோய் தெரிவதற்கு முந்தைய மழைக்காலத்தில்தான் அவளைப் புதைத்தோம்.

டாக்டர் சொன்ன நாளிலிருந்து நான் தட்டின் முன் உட்கார்ந்தால், எதிரே அவள் இருப்பதுபோலத் தோன்றும். ஒவ்வொரு கவளத்தையும் பார்ப்பாள். தட்டைத் தள்ளி வைத்துவிடுவேன்.

"ரெண்டு வாயாவது சாப்பிடு புள்ள" என்பார் என் வீட்டுக்காரர்.

"பசிக்கலைங்க" என்பேன். அது பொய்.

ஒரு நாள் காலை மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டு மலைக்குப் போனேன். நல்ல குளிர். ஆனாலும் உடம்பெல்லாம் வியர்த்தது. விரல்கள் நடுங்கிக் கொழுந்து உதிர்ந்தது. பனிமூட்டத்துக்குள், பக்கத்து நிரையில் அக்கா நின்றாள். அவள் கூப்பிடவில்லை. என் வாயையே பார்த்தாள். நான் அவளை நோக்கி நடந்தேன்.

அருகில் கொழுந்தெடுத்த ராக்கு மதினி என்னைப் பிடித்து உட்கார வைத்தாள். தன் போத்தலில் இருந்த சீனி போட்ட தேத்தண்ணியை வாயருகே கொண்டுவந்தாள்.

"வேணாம் மதினி, சீனி ஆகாது."

"கண்ணு சொருகுது, ஆகாதுங்கிறியே! குடி புள்ள!"

குடித்தேன். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. பக்கத்து நிரையில் தேயிலைச் செடிகள் மட்டுமே இருந்தன.

மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனோம். தாழ்சீனி (இரத்தத்தில் சீனி அளவுக்கு மீறி இறங்குவது) என்றார் டாக்டர்.

"கொறைக்கத்தானே சொன்னேன். நிப்பாட்டச் சொன்னேனா? வெறும் வயித்துல மாத்திரை போட்டா சீனி எறங்கிடும்."

"எங்க அக்கா சாப்பிட்டுத்தானே செத்தாங்க, ஐயா."

அவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு, "பட்டினி கெடந்தும்தாம்மா செத்தாங்க" என்றார்.

அந்த ஒரு வார்த்தையைத்தான் இந்த நோயோடு இருப்பவர்களுக்கு நானும் சொல்ல முடியும். இப்போது பசிக்காகக் காத்திருப்பதில்லை. காலையில் மலைக்குப் போகுமுன் ஒரு சின்ன ரொட்டி; பகலில் அளவான சோறு, நிறையக் கீரை; அந்தியிலும் அப்படியே. அக்கா எதிரே இருந்தால் இருக்கட்டும் என்று சாப்பிடுகிறேன்.

ஆனால் முன்போல மலையேற முடிவதில்லை. வியர்த்தால் நின்றுவிடுகிறேன். இது மலை ஏறியதால் வந்த வியர்வையா, சீனி இறங்கி அன்றைக்கு வந்த வியர்வையா என்று உடம்பைக் கேட்கிறேன். அது பதில் சொல்லும்வரை பக்கத்து நிரைப் பக்கம் திரும்புவதில்லை.