திருப்பதியில் நின்ற கப்பல்

சித்தூர் ஜில்லா குடிபாலாவுக்குப் பக்கத்தில் பிறந்தவனுக்குக் கடல் என்பது யாரோ போய் வந்து அளக்கிற கதை. எனக்கு நீச்சல் வராது. ஏரியில் முழங்கால் வரை இறங்கினாலே அரைஞாண் கயிற்றைப் பிடித்துக்கொள்கிற ரகம். அப்படிப்பட்ட என்னைத்தான் என் முதலாளி கப்பலுக்கு அனுப்பினார்.

முதலாளி திருப்பதிக்காரர். சித்தூரில் மாம்பழக் கூழ் ஆலை வைத்திருந்தார். நாடு உலக வியாபாரத்துக்குக் கதவைத் திறந்துவிட்டிருந்த காலம். கூழ் டின்னில் ஏறி வளைகுடாவுக்குப் போயிற்று. பின்னாலேயே ஆட்களும் போனார்கள். கூழுக்கு விசா சுலபமாகக் கிடைத்தது, ஆட்களுக்கு இழுத்தடித்தது. கூழ் ஏற்றிய லாரிகள் பெருகி, லாரிகளின் லாபம் பெருகி, ஒரு நாள் யாரோ பேச்சுவாக்கில் சொன்னதைக் கேட்டு பழைய சரக்குக் கப்பல் ஒன்றை வாங்கிப் போட்டார். தெலுங்கில் கப்பலுக்கு 'ஓட' என்று பெயர். அது சென்னைத் துறைமுகத்தில் அசையாமல் நின்றபோதும் முதலாளி அதை ஓட என்றுதான் சொன்னார். தமிழ்க் காதுக்குக் கொஞ்சம் வலித்தது.

என் வேலை லாரிகளில் ஜிபிஎஸ் பெட்டி மாட்டுவது. வண்டி எங்கே போகிறது, எங்கே நின்று மூச்சு வாங்குகிறது என்பதெல்லாம் திருப்பதி ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு புள்ளியாகத் தெரியும். டிரைவர்கள் என்னை வெறுத்தார்கள், அதற்கு நியாயம் இருந்தது. காணாமல் போக வேண்டும் என்று தோன்றினால் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை எடுத்து ஆன்டெனாவில் சுற்றிவிடுவார்கள். வானத்துக்கு வண்டி தெரியாது. பெட்டி கடைசியாகப் பார்த்த இடத்தையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும். முதலாளி கண்ணுக்கு லாரி டீக்கடையில் நிற்கும். லாரி எங்கே நின்றது என்பது டிரைவருக்கும் அவருடைய மனசாட்சிக்கும் மட்டும் தெரியும்.

இந்தப் பெட்டிகளை அனுப்பும் துபாய் வியாபாரி கப்பலில் மாட்டத் தெரிந்த ஆள் வேண்டும் என்று கேட்டிருந்தார். முதலாளி என்னைக் கூப்பிட்டார். "முதல்ல மன ஓடல மாட்டு. சர்வேயர் பார்த்து ஓகே சொல்லட்டும். அப்புறம் நானே துபாய்க்கு உன்னைப் பத்தி ஒரு மாட்ட செப்புறேன்" என்றார். மன என்றால் நம்ம, ஒரு மாட்ட என்றால் ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தையில்தான் என் உயிர் தொங்கியது. பாஸ்போர்ட் வாங்கி வைத்திருந்தேன். ஊரில் நைனா என் பயணத்தைப் பற்றிக் கேட்டவர்கள் கேட்காதவர்கள் எல்லாரிடமும் சொல்லி முடித்திருந்தார். இனி நான் போகவில்லை என்றால் ஊருக்குள்ளும் போக முடியாது.

பெட்டியைத் திருப்பதி ஆபீஸ் மொட்டை மாடியில் வைத்து ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். எதிரே மலை. பெட்டி சமர்த்தாகத் தன் இடத்தைச் சொன்னது. அணைத்து, துணியில் சுற்றி, சென்னைக்கு எடுத்துப் போனேன்.

கப்பலில் டெக் ஆட்களின் தலைவர் நகரி பக்கத்து ஆள். எனக்கு அவர் மேஸ்திரி. வடக்கே இருந்து வந்தவர்களுக்கு நடுவில் என் பேச்சைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும்.

"இன்னாபா, நம்ம பக்கமா நீ? துன்னியா?"

"துன்னேன்ணா."

"பொய் சொல்ற. வா, துன்னுட்டு ஏறு."

ஏறினேன். கம்பத்தின் உச்சியில் வெள்ளைக் குடை போன்ற ஆன்டெனாவைப் பொருத்தினேன். கீழே ஒருமுறை பார்த்துவிட்டு, இனி பார்ப்பதில்லை என்று முடிவு செய்தேன். கேபிளை இழுத்து, கேப்டன் நிற்கும் அறைச் சுவரில் பெட்டியை மாட்டினேன். அதற்குள் இருட்டிவிட்டது. கரண்ட் கொடுக்க வேண்டிய எலக்ட்ரீஷியன் கரைக்குப் போய்விட்டார். சரி, காலையில் பார்க்கலாம் என்று நானும் இறங்கிவிட்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கப்பலைச் சோதித்துச் சான்று கொடுக்கும் சர்வேயர் மதியத்துக்குள் வருவார் என்றார்கள். நேராகப் பெட்டியிடம் போய் ஸ்விட்சைப் போட்டேன். நெட்வொர்க் விளக்கு பச்சை. உடம்பெல்லாம் குளிர்ந்தது. பக்கத்தில் இருந்த வானத்து விளக்கு மட்டும் ஆரஞ்சில் கண் அடித்துக்கொண்டே இருந்தது. போன் அடித்தது. முதலாளி.

"பாபு! ஓட இக்கட உந்தி!"

"எங்க சார்?"

"இங்கதான்யா! திருப்பதில! ஸ்க்ரீன்ல பார்க்குறேன். மலைக்குக் கீழ, நம்ம ஆபீஸ் மேலயே நிக்குது!"

எனக்கு உடனே புரிந்துவிட்டது. பெட்டிக்கு வானம் தெரியவில்லை. கடைசியாகக் கண் திறந்த மொட்டை மாடியைச் சொல்கிறது. அதை விளக்க வாயெடுத்தேன். எதிர்முனையில் மணி அடிக்கும் சத்தம் கேட்டது. மானிட்டருக்கு முன்னால் கற்பூரம் ஏற்றியிருந்தார்கள்.

"சார், அது வந்து, ஒரு சின்ன ஃபால்ட்டு..."

"ஃபால்ட்டா? வாயைக் கழுவு. வாங்கினதுல இருந்து ஓடைய மொக்குக்குக் கூட்டிட்டு வரலியேன்னு மாமியார் திட்டிக்கினே இருந்தாங்க. அதுவே வந்துடுச்சு! சித்தூர்ல இருந்து அவங்க கிளம்பிட்டாங்க. அவங்க பார்க்குற வரைக்கும் கதிலிஞ்சொத்து!"

மொக்கு என்றால் வேண்டுதல், கதிலிஞ்சொத்து என்றால் அசைக்காதே. போனை வைத்துவிட்டார்.

இப்படி ஒரு சிக்கல் எந்தக் கையேட்டிலும் இருக்காது. கப்பல் திருப்பதியில் நின்றால் சர்வேயர் கையெழுத்துப் போட மாட்டார். திருப்பதியை விட்டு நகர்ந்தால் முதலாளி அந்த ஒரு மாட்டையைச் சொல்ல மாட்டார். இரண்டு பக்கமும் துபாய் அடைபட்டிருந்தது. எப்படியானாலும் பழுது எங்கே என்றாவது தெரிந்துகொள்வோம் என்று ஆரம்பித்தேன். வோல்டேஜ் சரி. கேபிள் சரி. முனைகளைக் கழற்றி ஊதித் திரும்ப முடுக்கினேன். பெட்டியின் தலையில் ஒரு தட்டுத் தட்டினேன், படித்த படிப்பில் அதுதான் கடைசிப் பாடம். ஆரஞ்சு அப்படியே கண் அடித்தது. வேறு வழியில்லாமல் வெளியே வந்து கம்பத்தை அண்ணாந்து பார்த்தேன்.

உச்சியில் ஏதோ ஜொலித்தது.

சர்வேயர் வருகிறார் என்று கம்பம் முழுக்க அலுமினிய பெயின்ட் அடித்திருந்தார்கள். என் வெள்ளைக் குடையும் தப்பவில்லை. தளதளவென்று வெள்ளி. அந்த வெள்ளிக்கு மேல், கடலைப் பார்த்தபடி, வெள்ளை சிவப்பு வெள்ளை என்று ஒரு பெரிய நாமம்.

"ண்ணா! இன்னாண்ணா இது?"

மேஸ்திரி இடுப்பில் கை வைத்துப் பூரிப்போடு நின்றார். "எப்புடி? வெள்ளிக் கவசம். மொட்டை அடிச்ச மண்டை மாதிரி நின்னுக்கினு இருந்துச்சுபா. திருப்பதில இருந்து வந்த மொட்டைக்கு நாமம் போடாம வுடுவாங்களா?"

"எனக்கே போட்டுட்ட ண்ணா. வெள்ளித்தாள் சுத்துன கணக்கா வானத்தையே மூடிட்ட. அழிக்கணும்."

அவர் முகம் மாறியது. "போட்ட நாமத்த அழிக்கறதா? நான் மாட்டேன். நீயும் கை வைக்கக் கூடாது. நீ நாளைக்கு பிளேன்ல ஏறிப் பூடுவ. தண்ணில போறவன் நானு."

கெஞ்சினேன். சர்வேயர் என்றேன். துபாய் என்றேன். நைனா என்றேன். மனிதர் கம்பத்துக்குக் குறுக்கே நின்றுகொண்டார். தூரத்தில் ஒரு வெள்ளைக் கார் நிற்பதும் அதிலிருந்து ஒரு தொப்பி இறங்குவதும் தெரிந்தது. பயம் வந்தால்தான் எனக்கு பக்தி வரும். வந்தது.

"ண்ணா, இன்னிக்கி இன்னா கிழமை?"

"வெள்ளி."

"வெள்ளிக்கெழமை மலைல இன்னா நடக்கும்?"

"அபிஷேகம்."

"அபிஷேகத்துக்கு நாமத்தோட கவசத்தோடவா குளிப்பாட்டுவாங்க?"

அவர் என்னைப் பார்த்தார். மலையைப் பற்றி இவ்வளவு நேரம் வாய் திறக்காதவன் இப்போது திறப்பதன் சூதும் அவருக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் கேள்வி கேள்விதான்.

"களைவாங்க" என்றார் மெதுவாக. "ஆனா குளிப்பாட்டுனப்புறம் திரும்பப் போடணும்."

"கம்பத்துல போட்டுக்க. எம்மாம் பெருசு வேணும்னாலும் போட்டுக்க. குடையில மட்டும் வேணாம்."

"தின்னர் எடுத்தாரவா?"

"தின்னர் பட்டா குடை உருகிடும். கிருஷ்ணாயில் எடு."

அவரே ஏறினார். என்னை ஏற விடவில்லை. குளிக்காதவன் என்றார், உண்மைதான். உச்சியில் உட்கார்ந்து, முழுசாகக் காயாத பெயின்ட்டின் மேல் மண்ணெண்ணெய் ஊற்றி, கோவிந்தா கோவிந்தா என்று துடைத்தார். கீழே நின்ற என் தலையில் வெள்ளியும் சிவப்புமாகத் தீர்த்தம் சொட்டியது. உலகத்தில் மண்ணெண்ணெய்த் திருமஞ்சனம் கண்ட ஒரே கருவி அதுவாகத்தான் இருக்கும்.

சர்வேயர் மூக்கைச் சுளித்துக்கொண்டே உள்ளே வந்தார். "என்ன நாத்தம்? சரி, பொசிஷன் காட்டுங்க." ஆரஞ்சு விளக்கு கண் அடித்தது. அவர் பேனாவின் மூடியைத் திறக்கவில்லை. நான் பெட்டியைப் பார்த்தேன், பெட்டி என்னைப் பார்த்தது. ஆரஞ்சு அணைந்தது. பிறகு, என்னமோ பெரிய மனது பண்ணுவது போல, பச்சை வந்தது. திரையில் சென்னைத் துறைமுகம். சர்வேயர் கையெழுத்துப் போட்டார். போட்டுக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது.

"ஏமிரா சேசாவு! மாமியார் இப்பத்தான் வந்து செருப்பு கழட்டினாங்க. கையில தேங்காய். ஓட லேது! நான் பொய் சொல்றேன்னு எல்லார் முன்னாடியும் கேக்குறாங்க!"

அதற்கப்புறம் முதலாளி என்னோடு பேசவில்லை. சர்வேயரின் காகிதத்தை அவர் மேசையில் வைத்தேன், பேப்பர்வெயிட் எடுத்து அதன் மேல் வைத்தார், அவ்வளவுதான். துபாய்க்காரர் போன் செய்தபோதெல்லாம் ஆள் இல்லை என்று சொல்லச் சொன்னார். நான் சித்தூர் ஷெட்டில் லாரிகளுக்கு அடியில் படுத்துக் கிடந்தேன். ஊரில் நைனா எதிரே வருபவர்களைக் கண்டால் வரப்பு மாறி நடக்கத் தொடங்கினார்.

ஒரு நாள் ஷெட் வாசலில் முதலாளியின் கார் வந்து நின்றது. "எக்கு" என்றார். ஏறினேன். நேராக மாமியார் வீட்டுக்குப் போனது. இறங்குவதற்கு முன் என் காதோரம் சொன்னார்: "இன்ஜினியர் சொன்னா நம்புவாங்களாம். ஓட வந்துச்சுன்னு சொல்லு. அந்தே, அவ்வளவுதான்."

அந்த அம்மா கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வைர மூக்குத்தி. வக்கீல் பார்வை. என் கிரீஸ் படிந்த சட்டையை மேலும் கீழும் பார்த்தார்.

"ஓட திருப்பதிக்கு வந்தது நிஜமா?"

"ஸ்க்ரீன்ல அப்படித்தான் காட்டுச்சும்மா." இதில் பொய் இல்லை.

"எந்த ரூட்ல வந்துச்சு?"

முதலாளி இருமினார்.

"பாகாலா வழியாவா, ரேணிகுண்டா வழியாவா?"

பாகாலா என்றால் சித்தூரைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும். இந்த வீட்டு வாசலை ஒட்டியே போயிருக்கும்.

"ரேணிகுண்டா வழியாம்மா."

"அதானே. இந்தப் பக்கமா வந்திருந்தா நான் பார்க்காம இருந்திருப்பேனா" என்று அந்த அம்மா எழுந்து, எனக்கு மோர் கொண்டுவரச் சொன்னார்.

முதலாளி காரில் ஏறிக் கதவைக்கூடச் சாத்தவில்லை. போனை எடுத்து துபாய்க்கு அடித்தார்.

"மனவாடேப்பா, நம்ம ஆளுதான். நல்ல பையன். ரூட்டெல்லாம் தெலுசு."