தமிழ் தெரியாது என்று சொன்ன நாள்

அந்த அம்மா என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "பிள்ளை தமிழோ?" என்பதுதான். இல்லை என்று தலையாட்டினேன். மன்னிக்கவேண்டும், ஆங்கிலம் மட்டும்தான் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். சிரித்துக்கொண்டு சொன்னேன் என்பதும் நினைவிருக்கிறது.

ரொறொன்ரோவின் கிழக்குப் பக்கத்தில் ஒரு நகர அலுவலகத்தில், திருமண அனுமதிப் பத்திரம் கொடுக்கும் கவுண்டரில் எனக்கு வேலை. நான்கு வயதில் இந்த நாட்டுக்கு வந்தேன். பார்க்டேலில் ஒற்றை அறை அப்பார்ட்மென்ட் ஒன்றில் வளர்ந்தேன். வீட்டுக்குள் ஆங்கிலம் கதைத்தால் அப்பா பதில் சொல்லமாட்டார். ஆகவே எனக்குத் தமிழ் நன்றாகவே வரும். ஆனால் அதற்கு முதல் வாரம்தான் மேலாளர் என்னைத் தனியே கூப்பிட்டு, ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு அரை மணித்தியாலம் செலவழித்துவிட்டேன் என்று சொல்லியிருந்தார். "நீ இங்கே மொழிபெயர்ப்பாளராக இல்லை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே அது கூடுதலாகக் குத்தியது. இனித் தமிழ் ஆட்கள் வந்தாலும் ஆங்கிலம்தான் என்று அன்று முடிவெடுத்தேன். தெரியாது என்று பொய் சொல்லவேண்டும் என்று முடிவெடுக்கவில்லை. அது அந்த அம்மா கேட்ட கணத்தில் தானாக வந்தது.

அவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். குளிர்கோட்டுக்குள் நல்ல சேலை கட்டியிருந்தார். கூட வந்த மனிதர் அவரைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர், மெலிந்தவர். பிளாஸ்டிக் உறையொன்றில் இருவரின் கடவுச்சீட்டுகளையும் போட்டு நெஞ்சோடு பிடித்திருந்தார். இந்த வயதில் கலியாணம் எழுத வந்திருக்கிறோமே என்ற கூச்சம் இருவருக்கும் இருந்தது. பின்னால் காத்திருந்த இளம் சோடி தங்களைப் பார்க்கிறார்களா என்று அந்த மனிதர் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார்.

"இவவுக்குத் தமிழ் தெரியாதாம்," என்று அவர் அம்மாவிடம் சொன்னார். "பறவாயில்லை, நான் கேட்டுச் சொல்லுறன்."

படிவத்தில் எல்லாம் சரியாக இருந்தது. ஒரு இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. முன்பு மணமானவரா, ஆம் என்றால் அந்த மணம் எப்படி முடிந்தது என்ற இடம். ஒன்றில் மணமுறிவு, இல்லாவிட்டால் கணவரின் இறப்பு. நான் விரலால் தொட்டுக் காட்டினேன்.

"முந்தின கலியாணத்தைப் பற்றிக் கேக்கினம். செத்தவரோ, டிவோர்ஸோ எண்டு."

"ரெண்டும் இல்லை எண்டு சொல்லுங்கோ."

"அப்பிடிச் சொல்லேலாது. ரெண்டில ஒண்டு போடவேணும்."

"சண்டை முடிய ஆமிக்காரர் அவரைப் பஸ்ஸில ஏத்தினவை. ஏறேக்க அவர் என்னைத் திரும்பிப் பாத்தவர்." அம்மாவின் குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. "செத்ததை நான் காணேல்லை. காணாததை என்ர கையால எப்பிடி எழுதுறது?"

"பதினைஞ்சு வருஷமாச்சு. ஒரு சொல்லுத்தானே. இவவுக்கு என்ன தெரியப்போகுது?"

அம்மா பேனையை மேசையில் வைத்துவிட்டுக் கையை மடியில் எடுத்துக்கொண்டார். நான் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் படிக்க எதுவும் இருக்கவில்லை. இவ்வளவையும் கேட்டுக்கொண்டு, எதுவும் விளங்காத ஒருத்தியின் முகத்தை வைத்துக்கொண்டிருப்பது அவ்வளவு கடினமாக இருக்கவில்லை. இப்போது நினைக்க அதுதான் பயமாக இருக்கிறது.

அந்த மனிதர் என்னிடம், விதவை என்று ஆங்கிலத்தில் சொன்னார். "விடோ. ஷி இஸ் விடோ."

தமிழ் தெரியாத ஒருத்தி அதை அப்படியே பதிந்திருப்பாள். அல்லது, தமிழ் தெரிந்த ஒருத்தி வாயைத் திறந்து, அம்மா, இதற்கு வேறு வழி இருக்கிறது என்று சொல்லியிருப்பாள். வழி இருந்தது. ஏழு வருடமாக ஒரு தகவலும் இல்லாமல் காணாமல் போனவரை இறந்தவராகக் கருதலாம் என்று நீதிபதி ஒருவர் அறிவித்தால், அந்த உத்தரவைக் கொண்டுவந்து அனுமதிப் பத்திரம் எடுக்கலாம். அதைப் பற்றிய ஒரு தாள் என் மேசை லாச்சிக்குள்ளேயே கிடந்தது.

நான் இரண்டையும் செய்யவில்லை. "இறப்புச் சான்றிதழ் இருக்கிறதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். எங்கள் கவுண்டரில் அதை வழக்கமாகக் கேட்பதில்லை. களவாகக் கேட்ட கதையை வைத்துத்தான் கேட்டேன்.

அவர் திகைத்துப்போனார். அம்மா மட்டும் என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"இவவுக்கு விளங்குது," என்றார். "நாங்கள் கதைச்சது எல்லாம் விளங்குது. அதுதான் சான்றிதழ் கேக்கிறா."

அந்த மனிதரின் முகம் கழுத்துவரை சிவந்தது. பொய் சொல்லிப் பிடிபட்டவராக அவர் என் முன்னால் நின்றார். "சொறி மேடம், வெரி சொறி," என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் படிவத்தைத் திருப்பிக் கொடுத்து, சான்றிதழோடு வாருங்கள் என்று ஆங்கிலத்திலேயே சொன்னேன். இருவரும் கடவுச்சீட்டுகளை உறைக்குள் போட்டுக்கொண்டு போனார்கள். எல்லாமாகப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மேலாளர் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

வீட்டில் நான் யாருக்கும் சொல்லவில்லை. அன்றிரவு சாப்பிடும்போது என் அம்மா ஏதோ கேட்டார். அவருக்கு ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். ஏன் என்று எனக்குத் தெரியாது.

ஒன்பதாம் நாள், மதியச் சாப்பாட்டு நேரம், கார் நிறுத்துமிடத்தில் என் காருக்குள் இருந்து அந்த மனிதருக்குப் போன் எடுத்தேன். முன்பதிவில் அவருடைய இலக்கம் இருந்தது. அதை இப்படிப் பயன்படுத்த எனக்கு அனுமதி இல்லை. வேலை போகக்கூடிய காரியம். நான் யார் என்று தமிழில் சொன்னேன்.

"நல்லாத் தமிழ் கதைக்கிறியள், பிள்ளை," என்றார். குத்தலாகச் சொல்லவில்லை, உண்மையாகவே ஆச்சரியப்பட்டார்.

நான் அவசர அவசரமாக நீதிபதியின் உத்தரவைப் பற்றிச் சொன்னேன். சட்ட உதவி எங்கே கேட்கலாம் என்றும் சொன்னேன். அவர் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"அப்ப செத்தவர் எண்டு ஆர் சொல்லுறது?"

"நீதிபதிதான் சொல்லுவார், அங்கிள்."

"அவ சொல்லத் தேவையில்லையோ?"

"இல்லை. காணேல்லை, ஒரு சேதியும் இல்லை எண்டு மட்டும் அவ சொன்னால் போதும்."

அவர், "இதை அண்டைக்குச் சொல்லியிருந்தால்," என்று தொடங்கி, அந்த வசனத்தை முடிக்காமல், "சரி பிள்ளை, சொன்னதுக்கு நன்றி," என்று போனை வைத்தார். ஒன்பது நாளும் அந்த அம்மா என்ன செய்திருப்பார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஒரு வருடத்துக்கு மேல் கழிந்து, பனி கரையத் தொடங்கிய ஒரு காலையில் அவர்கள் திரும்ப வந்தார்கள். பக்கத்துக் கவுண்டருக்குத்தான் அவர்களுடைய முறை விழுந்தது. அங்கே இருக்கும் பிலிப்பீன்ஸ்காரி நல்ல மனசுக்காரி. அவள் என்னைத் திரும்பிப் பார்த்து, இவர்கள் தமிழ்போல இருக்கிறது, உதவி செய்கிறாயா என்று கேட்டாள். நான் எழும்பினேன்.

"நோ நீட்," என்றார் அம்மா. "ஐ கேன்."

நான் மீண்டும் கதிரையில் இருந்துவிட்டேன். அவர் நீதிபதியின் உத்தரவை எடுத்து வைத்தார். கேட்ட கேள்வி எல்லாவற்றுக்கும் தானே ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக, பதில் சொன்னார். அந்த ஒரு கேள்வி வந்தபோது விரலை உத்தரவின் மேல் வைத்து, "ஜட்ஜ் சே," என்று மட்டும் சொன்னார்.

அவர்கள் வெளியேறியதும் நான் பின்னால் ஓடினேன். லிஃப்ட்டுக்காக நின்றுகொண்டிருந்தார்கள்.

"அன்ரி, அண்டைக்கு நான் செய்தது பெரிய பிழை. எனக்குத் தமிழ் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான்..."

"தெரியும், பிள்ளை." அவர் குரலில் கோபம் இருக்கவில்லை. "பஸ்ஸில ஏறேக்க அவர் திரும்பிப் பாத்ததை நான் ஒருத்தருக்கும் சொன்னதில்லை. இவருக்கே அண்டைக்குத்தான் சொன்னனான். அது இவருக்குச் சொன்னது. நீங்கள் அதைக் கேட்டிருக்கக்கூடாது."

கேட்டதைத் திருப்பிக் கொடுக்க வழி எதுவும் இல்லை. லிஃப்ட் வந்தது. அம்மா முதலில் ஏறினார். அந்த மனிதர் கதவைக் கையால் பிடித்துக்கொண்டு, பழக்கத்தில், "போட்டு வாறம், பிள்ளை," என்றார். அம்மா லிஃப்ட்டின் பொத்தானை அழுத்தினார்.

நான் கவுண்டருக்குத் திரும்பினேன். அடுத்த முறைக்காரர் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தார்கள்.