மதரின் பையிலிருந்து வந்த கோழி

என் வாழ்நாளில் நான் எழுதியது ஒரேயொரு நாடகம். அதற்கு ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. பிறகு ஏன் எழுதவில்லை என்று கேட்பவர்களிடம் நேரம் கிடைக்கவில்லை என்று சொல்லிவந்தேன். அது பொய். நேரம் தாராளமாகக் கிடந்தது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருடங்கள். எங்கள் நகரத்தின் ஓர்ஸ் ஹில் பகுதியில் ஓர் அலுவலகத்தில் நான் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். சம்பளம் வந்தது, ஆனால் பின்னேரங்களில் போக்கிடம் இல்லை. ஆறு மணிக்குப் பிறகு தெருவில் நாய்கூட யோசித்துத்தான் நடக்கும். அலுவலகத்துக்குப் பின்னால் ஒரு சின்ன மண்டபம் இருந்தது. எண்பது கதிரை போட்டால் நிறைந்துவிடும். அதில் ஒரு பகிடி நாடகம் போடுவோம் என்று எங்களில் ஆறு பேர் சேர்ந்தோம்.

எதைப் பகிடி பண்ணுவது என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. நான் படித்தது கன்னியர் மடப் பள்ளியில். ஆண்டுக்கு ஒருமுறை மடத்துத் திருநாளன்று எங்களுக்குப் படம் போட்டுக் காட்டுவார்கள். எல்லாம் கன்னியாஸ்திரிகள் வருகிற பழைய ஆங்கிலப் படங்கள். பாடுகிற சிஸ்டர், மதில் ஏறிக் குதிக்கிற சிஸ்டர், சிரிக்கவே தெரியாத மதர், கடைசியில் மடத்தைச் சோதிக்க வருகிற சேவகர்கள். நெற்றியில் திருநீறோடு போய் வருடா வருடம் அதே படங்களைப் பார்த்து எங்களுக்கு மனப்பாடம். ஊரில் பாதிப் பெண்கள் அந்தப் பள்ளியில் படித்தவர்கள் என்பதால் சபைக்கும் மனப்பாடம்.

மேடையில் ஏறப் பெண்களை வீட்டில் விடவில்லை. ஆகவே ஐந்து ஆண்கள்தான் சிஸ்டர்மாரும் சேவகர்களும். மதர் வேடம் போட்ட கணக்காளருக்கு அடர்ந்த மீசை. அதை மழிக்கச் சொன்னபோது அவர் பயந்துபோனார். அப்பா உயிரோடு இருக்கையில் மகன் மீசையை எடுப்பதாவது, ஊர் என்ன நினைக்கும் என்றார். சரி, மதர் மீசையோடே வரட்டும் என்று விட்டேன். இளைய சிஸ்டர் அதைப் பற்றிக் கேட்க, “அது தவத்தின் பலன் மகளே” என்று மதர் சொல்வதாக ஒரு வரி எழுதினேன். அந்த வரிக்குக் கிடைத்த கைதட்டல் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. நினைவிருப்பது வெட்கமாக இருக்கிறது.

உடுப்புத் தைப்பதற்கு அளவு பார்க்கத் தன்னுடைய பழைய அங்கியைத் தந்தது எனக்கு ஆங்கிலம் படிப்பித்த சிஸ்டர். அவர் அப்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை லோஞ்ச் படகில் மூதூருக்குப் போய், அங்கிருந்து கிடைத்த வாகனத்தில் இலங்கைத்துறைப் பக்கம் போய்வருவார். அங்கே ஒரு பாலர் பள்ளியை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கேதான் என் அக்காவும் கலியாணம் செய்து போயிருந்தாள். அக்காவின் மூத்த மகளுக்கு வலிப்பு நோய். ஒருநாள் தவறாமல் குளிசை போட வேண்டும். அந்தப் பக்கம் இயக்கத்தின் கையில் இருந்தது, குளிசை கிடையாது. கொண்டுபோக அனுமதிக் கடிதம் வேண்டும். அது வந்தால் வரும், இல்லாவிட்டால் இல்லை. இறங்குதுறையில் இராணுவத்தினர் அரிசிப் பையைக்கூடக் கொட்டிக் கிளறுவார்கள். ஆனால் சிஸ்டர்மாரைச் சோதிப்பதில்லை. தலையை ஆட்டி விட்டுவிடுவார்கள். சிஸ்டரின் அங்கிக்குள் முழங்கால்வரை தொங்கும் ஒரு துணிப்பை இருந்தது. அதில்தான் என் பெறாமகளின் குளிசைகள் கடல் கடந்தன. வேறு பலருடைய குளிசைகளும், கடிதங்களும்.

இது ஊருக்கே தெரியும். சோதிக்கிறவர்களுக்கு மட்டும் தெரியாது. அதனால்தான் அது எங்களுக்கு அவ்வளவு பெரிய பகிடி. நான் அதை நாடகத்தில் வைத்தேன். எங்கோ ஒரு தேசத்துச் சேவகர்கள், கடதாசிக் கிரீடத்தோடு, மடத்துக்குள் நுழைகிறார்கள். எல்லாரையும் சோதித்துவிட்டு மதரை மட்டும் கும்பிட்டு விடுகிறார்கள். அவர்கள் போனதும் மதர் தன் அங்கிக்குள் கையை விட்டு ஒவ்வொன்றாக எடுக்கிறார். மெழுகுதிரி, சவர்க்காரம், மருந்துப் போத்தல், குளிசை அட்டை, கடைசியில் ஓர் உயிருள்ள கோழி.

நாடகம் போடுவதென்றால் இராணுவ முகாமில் பிரதியைக் கொடுக்க வேண்டும், சிங்கள மொழிபெயர்ப்போடு. முன்வரிசையில் வெள்ளைத் துணி விரித்த இரண்டு கதிரைகளும் அவர்களுக்கு விட வேண்டும். மொழிபெயர்த்தது கிண்ணியாவிலிருந்து எங்கள் அலுவலகத்துக்கு வேலைக்கு வந்த முஸ்லிம் அண்ணன் ஒருவர், எங்களுக்கு நாநா. அந்தக் காட்சிக்கு அவர், ‘மதர் மேடையில் சில பொருட்களை எடுத்து வைப்பார்’ என்று மட்டும் எழுதினார். எழுதிவிட்டு என் மேசைக்கு வந்தார்.

“தங்கச்சி, இந்த இடத்த எடுத்துருவமே.”

“அவங்களுக்குத் தமிழ் விளங்காது நாநா.”

“தமிழ் விளங்காது. கோழி விளங்கும்தானே.”

நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். ஆனால் அந்தக் கோழிக்குச் சபை எப்படிச் சிரிக்கும் என்று நான் ஏற்கெனவே மனதில் கேட்டுவிட்டேன். வாய்க்கு வந்த பகிடியை விழுங்கத் தெரியாதவள் என்று அம்மா என்னைத் திட்டுவா. அது பெருமை என்று அப்போது நினைத்திருந்தேன்.

சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு நாடகம். சிஸ்டர் இரண்டாவது வரிசையில் இருந்தார். அவருக்கு நேர் முன்னால் வெள்ளைத் துணிக் கதிரையில் ஓர் அதிகாரி. நான் திரைக்குப் பக்கத்தில் நின்று மேடையைவிடச் சபையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மீசைக்குச் சிரித்தார்கள். மதில் குதிப்புக்குச் சிரித்தார்கள். சிஸ்டர் முக்காட்டால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். குளிசை அட்டை வெளியே வந்தபோது சபை சிரித்த சிரிப்பு வேறுவிதமாக இருந்தது, தங்களுடைய வீட்டுக் கதையைக் கேட்டவர்கள் சிரிப்பதுபோல. கோழி செட்டையடித்துக்கொண்டு வந்தது. அதிகாரியும் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே திரும்பி, பின்னால் இருந்த சிஸ்டரைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

அந்தப் பார்வையை நான் கண்டேன். என்றாலும் திரை விழுந்ததும் எல்லாரும் வந்து கைகொடுக்க, அதை மறந்துபோனேன். ஆம், மறந்துபோனேன்.

அடுத்த கிழமை இறங்குதுறையில் ஒரு பெண் பொலிஸ் நின்றிருந்தாளாம். அதுவரை அங்கே அப்படி ஒருத்தி நின்றதில்லை. சிஸ்டரைத் தனியாக ஓர் அறைக்குள் கூட்டிப்போனார்கள். பின்னேரம்வரை அங்கேயே வைத்திருந்தார்கள். அடிக்கவில்லை, ஏசவுமில்லை. குளிசைகளை எடுத்துக்கொண்டார்கள். இனிமேல் சிஸ்டர்மாரும் கடிதம் கொண்டுவர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

நான் மடத்துக்குப் போனேன். சிஸ்டர் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். மன்னிப்புக் கேட்க வாய் திறந்தபோது எனக்கு அழுகைதான் வந்தது. அவர் தேத்தண்ணியை என் பக்கம் நகர்த்திவைத்தார்.

“அந்தாள் திரும்பிப் பார்க்கேக்க நானும் சிரிச்சுக்கொண்டுதான் இருந்தனான் பிள்ளை. அக்காவுக்கு இதொண்டும் சொல்லிப்போடாதையும். அவவுக்கு இருக்கிற கவலை காணும்.”

அவர் அதை அக்காவுக்காகச் சொன்னார். நான் அதை எனக்காக எடுத்துக்கொண்டேன். சிஸ்டர் சொல்லிவிட்டார்தானே என்று வாயை மூடிக்கொண்டேன். பகிடியை விழுங்கத் தெரியாதவளுக்கு உண்மையை விழுங்க நன்றாகத் தெரிந்திருந்தது.

கடிதத்துக்காக நானும் அலைந்தேன். இன்று வா, நாளை வா என்றார்கள். கடிதம் கிடைத்துக் குளிசை போய்ச்சேர ஐந்து கிழமை சென்றது. நான்காவது கிழமையில் ஒரு காலை, பிள்ளை குசினியில் தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாளாம். அக்கா கிணற்றடியில் நின்றிருக்கிறாள். வலிப்பு வந்து பிள்ளை அடுப்பின்மேல் விழுந்தாள். அக்கா ஓடிவரும்போது வலது கை நெருப்புக்குள் கிடந்தது. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயின. பத்து வயது.

சிஸ்டர் இப்போது இல்லை. கணக்காளர் அப்பா இறந்த அன்று மீசையை எடுத்தார். அப்போதுகூடச் சனங்கள் அந்த நாடகத்தைச் சொல்லிச் சிரித்தார்கள்.

யுத்தம் முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு அன்புவழிபுரத்தில் உறவுக்குள் ஒரு கலியாணம். அக்காவின் மகள் வந்திருந்தாள். வளர்ந்த பெண். வலது கையைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு என் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தாள். சாப்பாட்டுக்கு நேரமிருந்தது.

“சின்னம்மா, நீங்கள் முந்தி ஒரு நாடகம் எழுதினீங்களாம். ஊரே சிரிச்சதெண்டு அம்மா எல்லாருக்கும் சொல்லுறவ. அது என்ன கதை?”

அக்கா எதிரே நின்று பெருமையோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னேன். மதரின் மீசைவரைக்கும் சொன்னேன். அதோடு நாடகம் முடிந்துவிட்டது என்றேன்.

அவளுக்கு அது போதுமாக இருந்தது. சிரிப்பை அடக்க முடியாமல், தலைப்பை உதறி, அந்தக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.